பிறந்த திகதி

போரும் சிறுவர்களும் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதிக்கொண்டிருக்கும் ஒரு மாணவி என்னிடம் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். உள்நாட்டுப் போரில் சிறுவர்கள் "சிக்கிக்கொண்டார்கள்" என்று எல்லா அறிக்கைகளிலும் எழுதியிருக்கிறதே, உண்மையில் அவர்கள் எந்த வழியாகச் சிக்குகிறார்கள் என்பது முதலாவது. துவக்கு ஏந்திய சிறுவனையும் குண்டுவீச்சில் இறந்த சிறுமியையும் ஒரே பட்டியலில் வைப்பது நியாயமா என்பது இரண்டாவது. வன்னியில் சில ஆண்டுகள் ஆசிரியனாகவும், பின்னர் வவுனியாவில் சிறுவர் நலப் பணியிலும் இருந்தவன் என்பதால், நான் அறிந்த இலங்கைப் போரை வைத்தே பதில் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். ஒரே பட்டியலில்தான் வைக்க வேண்டும். அந்தச் சிறுவனுக்கும் சிறுமிக்கும் நேர்ந்தவை வெவ்வேறானவை என்றாலும், அவை நேர்வதற்கு முன் இருவரிடமிருந்தும் பறிக்கப்பட்டது ஒன்றே. அது அவர்களுடைய வயது. இந்தப் போரில் ஆயுதம் வைத்திருந்த ஒவ்வொரு தரப்பும், தனக்குத் தேவைப்பட்டபோது ஒரு பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொன்னது, அல்லது வயது ஒரு பொருட்டே இல்லை என்றது. நான் பார்த்த தாய்மார் பலர் இதை எந்தச் சட்டத்தரணியையும்விட நன்றாக அறிந்திருந்தார்கள். இடம்பெயர்ந்து வந்த ஒரு தாயிடம் நகை இருக்காது, மாற்றுச் சேலை இருக்காது. ஆனால் பொலித்தீன் பையில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, இடுப்பில் செருகிய பிறப்பு அத்தாட்சிப் பத்திரம் இருக்கும். மழையில் நனைந்து மடிப்புகளில் கிழிந்த அந்தத் தாளில் பிறந்த திகதி எழுதியிருக்கும் இடத்தை மட்டும் பெருவிரலால் அழுத்திக்கொண்டு, "ஐயா, வளர்த்திதான் கூட, வயசு பதினைஞ்சுதான்" என்று ஒரு தாய் சொன்னதை நான் மறக்கவில்லை. மகன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றான். அவனுக்கு மீசை அரும்பத் தொடங்கியிருந்தது. அந்த ஆண்டுகளில் தமிழ்த் தாய்மாரை அதைப்போல் அச்சுறுத்திய வேறொன்று இல்லை.

சட்டம் என்ன சொன்னது என்பதையும் அறிந்துகொள்ள வேண்டும். 1989 ஆம் ஆண்டின் சிறுவர் உரிமைகள் சமவாயம் பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறுவர் என்று வரையறுத்தது. ஆயினும் படையில் சேர்க்கும் விடயத்தில் எல்லையைப் பதினைந்தில் நிறுத்தியது. 2000 ஆம் ஆண்டு மே மாதம் ஏற்றுக்கொள்ளப்பட்ட துணை ஒப்பந்தம் நேரடிச் சண்டைக்கான எல்லையைப் பதினெட்டாக உயர்த்தியதோடு, அரசுசாரா ஆயுதக் குழுக்கள் பதினெட்டுக்குக் கீழ்ப்பட்ட எவரையும் சேர்க்கவே கூடாது என்றது. இலங்கை அரசு அதே ஆண்டு செப்டம்பரில் அதை உறுதிப்படுத்தியது. விடுதலைப் புலிகள் இயக்கம், 1998 மே மாதத்தில் ஐக்கிய நாடுகள் சபையின் சிறப்புப் பிரதிநிதி ஒலாரா ஒட்டுனு வன்னிக்கு வந்தபோது, பதினேழு வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்ப்பதில்லை என்றும் பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களைச் சண்டையில் ஈடுபடுத்துவதில்லை என்றும் வாக்குக் கொடுத்தது. பதினைந்து, பதினேழு, பதினெட்டு என்று மூன்று எண்கள் மேசைகளில் பேசப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஊரில் பிள்ளையின் தோள்பட்டையின் அகலத்தைப் பார்த்தே வயது தீர்மானிக்கப்பட்டது.

இனி, எந்த வழியாகச் சிக்குகிறார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். போர் பிள்ளையிடம் முதலில் வருவது அவனுடைய படிப்பு மேசை வழியாகத்தான். 1990 இல் இரண்டாம் கட்டப் போர் தொடங்கியபின் வடக்குக்கு விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையில் பற்றறி, பெற்றோல், சவர்க்காரம் முதற்கொண்டு பல பொருள்கள் அடங்கின. மின்சாரம் நின்றுபோன வீடுகளில், ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு மண்ணெண்ணெய் விட்டுத் திரியிட்ட விளக்கைச் சுற்றி மூன்று நான்கு பிள்ளைகள் இருந்து படித்தார்கள். அந்த விளக்கில் படித்து உயர்தரப் பரீட்சையில் சித்தியடைந்து மருத்துவர்களும் பொறியியலாளர்களும் ஆனவர்களைப் பற்றிப் பெருமையாகப் பேசுவது நம் வழக்கம். நானும் பேசியிருக்கிறேன். ஆனால் அதே விளக்கின் மறுபக்கத்தில் இருந்த பிள்ளை, மூன்றாவது இடப்பெயர்வோடு பாடசாலையை விட்டவன், தகப்பனைச் செல்வீச்சில் இழந்தவன், வீட்டில் அரிசி இல்லாதவன், அவன் எங்கே போனான் என்று அந்தப் பெருமைப் பேச்சில் யாரும் கேட்பதில்லை. அவனுக்காகத் திறந்திருந்த கதவு ஒன்றே ஒன்றுதான், அது இயக்கத்தினுடையது.

"விருப்பத்தோடுதான் போனான்" என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். உண்மைதான், பலர் தாமாகவே போனார்கள். கண்முன்னே அக்காவையோ தகப்பனையோ இழந்த பதினான்கு வயதுச் சிறுவன் போகவே விரும்புவான். அவன் கோபம் பொய்யானதன்று. அந்தக் கோபத்தை ஏற்றுக்கொண்டு, துவக்கைக் கொடுக்காமல் திருப்பி அனுப்புவதுதான் பெரியவர்களின் கடமை. அந்தக் கடமையில் எங்கள் சமூகம் தவறியது என்று எழுத எனக்குத் தயக்கமில்லை. மேடைகளில் பேசியவர்கள், கவிதை எழுதியவர்கள், வெளிநாடுகளிலிருந்து காசு அனுப்பியவர்கள் பலருடைய பிள்ளைகள் பத்திரமான இடங்களில் படித்துக்கொண்டிருந்தார்கள். போனவை பெரும்பாலும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்.

விருப்பம் வற்றியபோது கட்டாயம் வந்தது. 2003 முதல் 2008 இறுதிவரை விடுதலைப் புலிகளால் சேர்க்கப்பட்ட சிறுவர்கள் என ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட சம்பவங்களை யுனிசெப் பதிவுசெய்தது. இந்தக் காலத்தின் பெரும்பகுதி போர்நிறுத்த ஒப்பந்தம் நடைமுறையில் இருந்த காலம் என்பதைக் கவனிக்க வேண்டும். 2004 மார்ச்சில் புலிகளின் கிழக்குத் தளபதி கருணா இயக்கத்திலிருந்து பிரிந்து, ஏப்ரலில் அவருடைய அணி கலைந்தபோது ஏறத்தாழ 1,800 பிள்ளைகள் வீடு திரும்பினார்கள். வீட்டுக்கு வந்த பிள்ளைக்குச் சோறு போட்டு முடிப்பதற்குள் புலிகளிடமிருந்து மறுபடியும் கடிதம் வந்தது, ஆள் வந்தது. கோயில் திருவிழாக்களிலிருந்தும் பிள்ளைகள் கொண்டுசெல்லப்பட்டதால், மட்டக்களப்பில் தாய்மார் பிள்ளைகளைச் சாமி பார்க்கக்கூட அனுப்ப அஞ்சினார்கள். பின்னர் கருணாவின் அணியும் அதே ஊர்களில் சிறுவர்களைப் பிடித்தது. அரசுப் படையினரில் சிலர் அதற்குத் துணைபோயினர் என்று 2006 நவம்பரில் ஐ.நா. ஆலோசகர் அலன் றொக் பகிரங்கமாகவே சொன்னார். அதே ஆண்டில்தான் சிறுவர்களைப் போருக்குச் சேர்ப்பதைக் குற்றமாக்கித் தண்டனைச் சட்டக்கோவையை நாடாளுமன்றம் திருத்தியது. 2009 மார்ச்சில் கருணா அமைச்சராகப் பதவியேற்றார்.

வன்னியில் புலிகளின் ஆட்சேர்ப்பில் "வீட்டுக்கு ஒருவர்" என்று தொடங்கியது கடைசியில் ஒருவரோடு நிற்கவில்லை. மணமானவர்களைப் பிடிப்பதில்லை என்ற நம்பிக்கையில், பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அவசர அவசரமாகக் கலியாணம் செய்துவைத்தார்கள். இந்த இடத்தில்தான் வயது என்ற விடயம் மிகக் கொடுமையாக முறுக்கிக்கொண்டது. இலங்கையின் பொதுச் சட்டப்படி 1995 முதல் திருமணத்துக்குக் குறைந்தபட்ச வயது பதினெட்டு. ஆகவே கலியாணத்துக்காகப் பிள்ளையின் வயதைக் கூட்டிச் சொல்ல வேண்டும். இயக்கத்துக்கு ஆள் பிடிப்பவர்கள் வந்தால் அதே பிள்ளையின் வயதைக் குறைத்துச் சொல்ல வேண்டும். ஒரே வாரத்தில், ஒரே முற்றத்தில், ஒரே பிள்ளைக்கு இரண்டு வயது. பெரும்பாலான அந்தத் திருமணங்கள் பதிவாகவில்லை. கணவனாக ஆக்கப்பட்ட சிறுவன் போரின் முடிவில் இறந்தான் அல்லது காணாமற்போனான். இல்லையென்றால், பயம் நீங்கியபின் தனக்குப் பொருந்தாத வாழ்க்கையை விட்டுவிட்டுப் போனான். பதிவில்லாத திருமணத்தில் பிறந்த குழந்தையின் பிறப்புப் பத்திரத்தில் தகப்பன் பெயருக்குரிய இடம் சிக்கலானது, ஜீவனாம்சம் கேட்க வழியில்லாமற்போனது. போர் முடிந்தபின் என் மேசைக்கு வந்த விண்ணப்பங்களில் இந்த வகை மிக அதிகம். செத்தவர்களின் கணக்கில் இவர்கள் எந்த நிரலிலும் வருவதில்லை.

பிடித்துச் செல்லப்பட்ட பெண்பிள்ளைகளின் கூந்தலைக் கழுத்தளவுக்குக் கத்தரித்துவிடுவார்கள். தப்பி ஓடினாலும் ஊரில் அடையாளம் தெரிந்துவிடும். 2009 இல் இராணுவக் கட்டுப்பாட்டுப் பகுதிக்குள் வந்தபோதும் அதே கத்தரித்த முடிதான் அவர்களைக் காட்டிக்கொடுத்தது. ஒரு தரப்புக்குத் தப்பியோடாதிருப்பதற்கான பூட்டாகவும், மறுதரப்புக்குச் சந்தேகத்தின் சாட்சியாகவும் ஒரு பிள்ளையின் தலைமயிர் பயன்பட்டது. இரண்டு கிழமைகள் மட்டுமே பதுங்குகுழி வெட்டும் வேலையில் வைக்கப்பட்டிருந்த சிறுமிகளும் இதில் இருந்தார்கள்.

அரசின் பக்கத்திலிருந்து வயது எப்படி மறுக்கப்பட்டது என்பதற்கு 2006 ஆகஸ்ட் 14 ஆம் திகதி போதும். முல்லைத்தீவு மாவட்டத்தின் வள்ளிபுனத்தில் செஞ்சோலை என்ற சிறுமியர் இல்ல வளாகத்தின்மீது அன்று காலை விமானப்படையின் கிபிர் விமானங்கள் குண்டு வீசின. ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மிகப் பெரும்பாலானோர் பாடசாலை மாணவிகள். கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பாடசாலைகளிலிருந்து முதலுதவிப் பயிற்சி நெறிக்காக வந்த பதினாறு முதல் பதினெட்டு வயதுக்குட்பட்டவர்கள் என்று அங்கே சென்று பார்த்த யுனிசெப் பணியாளர்கள் சொன்னார்கள். போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவும் அது இராணுவ முகாம் என்பதற்கான தடயத்தைக் காணவில்லை. அரசோ அதைப் பயிற்சி முகாம் என்றது. பயிற்சி பெறுபவர்களாக இருந்தால் அவர்களின் வயதோ பாலோ பொருட்டல்ல என்ற விதத்தில் அதன் பேச்சாளர்கள் பேசினார்கள். அந்த நெறியை நடத்தியவர்கள் இயக்கத்தோடு தொடர்புடையவர்களாக இருந்தாலும், சீருடைச் சட்டையை மடித்துத் தலைமாட்டில் வைத்துவிட்டுத் தூங்கிய பிள்ளைகளின் வயது அதனால் ஒரு நாள்கூடக் கூடிவிடாது.

அதற்கு முன் 1995 செப்டம்பர் 22 இல், வடமராட்சி கிழக்கில் நாகர்கோவில் மகா வித்தியாலயத்தின்மீது மதியவேளையில் விமானத்திலிருந்து குண்டு விழுந்தது; இருபதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் அன்று இறந்தார்கள். 1996 செப்டம்பரில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சீருடையோடு சைக்கிளில் திரும்பிய மாணவி கைதடிச் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டாள். தேடிப்போன தாயும் பதினாறு வயதுத் தம்பியும் அயலவரும் திரும்பவில்லை. அந்தக் கொலைகளுக்காகத் தண்டிக்கப்பட்ட படைச்சிப்பாய் சோமரத்ன ராஜபக்ச, 1998 இல் நீதிமன்றத்தில், யாழ்ப்பாணத்துக்கு அருகிலுள்ள செம்மணியின் புதைகுழிகளைப் பற்றிச் சொன்னார். செம்மணிக்குக் கடைசியில் மறுபடியும் வருவேன்.

தமிழ்ப் பிள்ளைகளை மட்டும் எழுதி நிறுத்தினால் என் பதில் பாதியாகிவிடும். 1987 ஜூன் 2 ஆம் திகதி அரந்தலாவையில் பேருந்தை மறித்துப் புலிகள் கொன்ற பிக்குமாரில் பெரும்பாலோர் இளம் சாமணேரர்கள், சிறு வயதிலேயே காவி உடுத்தவர்கள். 1990 ஆகஸ்ட் 3 ஆம் திகதி இரவு காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டபோது, தகப்பன்மாரின் பக்கத்தில் வரிசையில் நின்ற சிறுவர்களும் இறந்தார்கள். அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டார்கள். யாழ்ப்பாணத்தில் அதற்குக் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். அன்று தாயின் கையைப் பிடித்துக்கொண்டு போன பிள்ளைகள் புத்தளத்து ஓலைக் குடிசைகளில் வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, பிள்ளை பெற்றார்கள். என்னோடு படித்த முஸ்லிம் நண்பர்களின் வெற்று வாங்கைப் பார்த்தும் நாங்கள் அன்று பேசாதிருந்தோம். அந்த வெட்கம் எனக்கு இன்றும் உண்டு. 2006 ஜூன் 15 இல் கெப்பிட்டிகொல்லாவையில் கிளைமோர் வெடித்த பேருந்திலும் சிங்களக் குழந்தைகள் இருந்தார்கள். அரசுக்கும் ஜே.வி.பி.க்கும் இடையிலான தெற்கின் கிளர்ச்சிக் காலத்தில், 1989 இன் கடைசியிலும் 1990 இன் தொடக்கத்திலும், எம்பிலிப்பிட்டியில் சிங்கள மாணவர்கள் கொண்டுசெல்லப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். அந்த வழக்கில் ஒரு பாடசாலை அதிபரும் இராணுவத்தினரும் 1999 இல் தண்டனை பெற்றார்கள். இந்தப் பெற்றோர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். அறிந்திருந்தால் ஒருவர் கையிலிருக்கும் படத்தை மற்றவர் புரிந்துகொள்வதற்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டிருக்காது.

2009 இன் முதல் ஐந்து மாதங்களைப் பற்றி ஏராளமாக எழுதப்பட்டுவிட்டது. நான் பிள்ளைகளோடு தொடர்புடையவற்றை மட்டும் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து மே வரை அரசு மூன்று முறை பாதுகாப்பு வலயம் என்று அறிவித்தது. ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் குறுகியது. கடைசியில் மக்கள் ஒதுங்கிய இடம் கடற்கரை மணல். வன்னி மண்ணில் வெட்டும் பதுங்குகுழி நிற்கும், கடற்கரை மணலில் வெட்டும் குழி நிற்காது. அரை மணித்தியாலத்தில் சரியும். அதனால் பெண்கள் தங்கள் கூறைச் சேலைகளையும் வெட்டிப் பைகளாகத் தைத்து, மணல் நிரப்பி, குழியின் ஓரங்களில் அடுக்கினார்கள். பொன்னிறச் சரிகையும் அரக்கு நிறமும் தெரியும் அந்த மணல்மூட்டைகளுக்கு நடுவில் குந்தியிருந்த பிள்ளைகளில் சிலர், செல் விழுந்து அல்ல, அந்த மணல் சரிந்து மூச்சடைத்து இறந்தார்கள். ஏப்ரல் 8 ஆம் திகதி அம்பலவன்பொக்கணையில் பால்மாவுக்கு வரிசையில் நின்ற தாய்மார் நடுவிலும் குழந்தைகள் நடுவிலும் செல்கள் விழுந்தன. அதே மாதங்களில், பதினான்கு வயதுப் பிள்ளைகள்கூடப் புலிகளால் பிடிக்கப்படுகிறார்கள் என்று யுனிசெப் எச்சரித்தது. வெளியே போக முயன்றவர்களைப் புலிகள் சுட்டார்கள். உள்ளே இருந்தவர்கள்மீது அரச படைகளின் செல்கள் விழுந்தன. இதில் ஒன்றைச் சொல்லி மற்றதை மறைக்கும் எவரையும் அந்தப் பிள்ளைகளின் பெயரால் நான் நம்பமாட்டேன்.

வன்னியிலிருந்து வெளியேறிய மக்களை இராணுவம் சோதித்த ஓமந்தையில், புலிகள் இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் வந்து பதிவுசெய்யுமாறு ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு நாள் என்றால் அது பலவந்தமாகக் கொண்டுசெல்லப்பட்ட நாளாகவும் இருக்கலாம். அப்படிப் பதிவானவர்களுள் 594 பேர் சிறுவர்கள் என்று அடையாளம் காணப்பட்டார்கள். அவர்களைக் குற்றஞ்சாட்டாமல் தனியாகப் பிரித்து, அம்பேபுஸ்ஸ புனர்வாழ்வு நிலையத்தில் வைத்து, பின்னர் அவர்களில் பலரை இரத்மலானை இந்துக் கல்லூரியில் படிக்கச்செய்து, 2010 மே மாதத்துக்குள் குடும்பங்களோடு சேர்த்தார்கள். பாதுகாப்பு அமைப்புகளின் கண்காணிப்பு அதற்குப் பின்னும் ஓயவில்லை என்ற குறை நியாயமானது. ஆயினும் துவக்குப் பிடித்த பிள்ளையைப் பிள்ளையாகவே நடத்த வேண்டும் என்ற கொள்கை இந்த நாட்டில் ஓரளவுக்கேனும் நடைமுறைக்கு வந்தது அங்கேதான் என்பதால் இதைக் குறிப்பிடுகிறேன். அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது. பதினெட்டு ஆகவில்லை என்று நிரூபிக்க வேண்டும். பிறப்புப் பத்திரம் முள்ளிவாய்க்கால் மணலில் புதைந்துபோனவர்கள், இயக்கத்தில் பெயரும் வயதும் மாற்றிச் சொன்னவர்கள், பிடிபட்டபோது பதினாறாக இருந்து சரணடைந்தபோது பதினெட்டைக் கடந்தவர்கள், இவர்களெல்லாம் பெரியவர்களின் வரிசையில் நின்றார்கள். கடைசியாகச் சொன்னவர்களைப் பற்றி உங்கள் கட்டுரையில் ஒரு பக்கமாவது எழுதுங்கள். பதினெட்டாவது பிறந்தநாளை இயக்க முகாமில் கழித்த பிள்ளை மறுநாள் காலையில் எப்படிக் குற்றவாளியாக மாறினான் என்ற கேள்விக்கு எந்தச் சட்டப் புத்தகத்திலும் நான் திருப்தியான பதிலைக் காணவில்லை.

காணாமற்போன பிள்ளைகளைத் தேடிக் குடும்பத்தோடு இணைப்பதற்காக 2009 இறுதியில் வவுனியாவில் யுனிசெப் ஆதரவோடு ஒரு பிரிவு தொடங்கப்பட்டது. 2011 நடுப்பகுதிக்குள் 676 சிறுவர்களைத் தேடி விண்ணப்பங்கள் வந்திருந்தன. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் புலிகளால் சேர்க்கப்பட்டவர்கள் என்று பெற்றோர் சொன்னார்கள். கண்டுபிடித்துக் கொடுக்க முடிந்தவர்கள் மிகச் சிலர். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் தெருவோரக் கொட்டகையில் தொடங்கிய தாய்மாரின் போராட்டம் இத்தனை ஆண்டுகளாகத் தொடர்கிறது. அவர்கள் மடியில் வைத்திருக்கும் படங்களில் பல, பரீட்சை அனுமதி அட்டைக்காக எடுத்த படங்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. அந்தத் தாய்மாரில் பலர் பதில் கிடைக்காமலே இறந்துவிட்டார்கள்.

செம்மணிக்கு வருகிறேன். 2025 பெப்ரவரியில், செம்மணிப் பகுதியிலுள்ள அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் கட்டடவேலைக்கு மண் வெட்டியபோது எலும்புகள் தென்பட்டன. நீதிமன்ற மேற்பார்வையில் தொடர்ந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிப்பட்டன. அவற்றுள் எஸ்-25 என்று இலக்கமிடப்பட்ட ஒன்றுடன் ஒரு நீலநிறப் புத்தகப்பையும் ஒரு பொம்மையும் இருந்தன. எலும்புகளை ஆராய்ந்த சட்ட வைத்திய நிபுணர் அது நான்கு அல்லது ஐந்து வயதுச் சிறுமியினது என்று அறிக்கை கொடுத்தார். இந்தப் போர் பற்றிய ஆவணங்களில் ஒரு பிள்ளையின் வயதைப் பற்றி எந்தத் தரப்பும் மறுபேச்சுப் பேசாத இடங்கள் மிக அரிது. இது அவற்றில் ஒன்று.

கட்டுரைக்காக நீங்கள் ஒரு அட்டவணை தயாரிப்பதாக எழுதியிருந்தீர்கள். அதில் "சிறுவர் போராளி", "பொதுமகன்" என்ற நிரல்களுக்கு முன், பிறந்த திகதிக்கு ஒரு நிரல் இடுங்கள். அதன் பக்கத்தில், ஒவ்வொரு தரப்பும் அந்தப் பிள்ளைக்குச் சொன்ன வயதையும் எழுதுங்கள். எஸ்-25 க்கு நேராக அந்த முதல் கட்டம் வெறுமையாகத்தான் இருக்கும். நிரப்ப முடியாது என்பதற்காக அந்த வரியை எடுத்துவிடாதீர்கள்.